சி.ஏ. படிக்கலாமா? சம்பளத்துக்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்குத் தொலைபேசி வரத் தொடங்கிவிடும். "பையனை சி.ஏ.வில் சேர்க்கலாமா? எத்தனை வருஷம் ஆகும்? முடித்தால் என்ன சம்பளம் கிடைக்கும்?" என்ற மூன்று கேள்விகளும் தவறாமல் வரும். சென்ற ஆண்டு ஒரு மாணவி மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "அங்கிள், ஆடிட்டர் ஆனால் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரலாம்?" பக்கத்தில் இருந்த அவள் தாயார், "இதெல்லாமா கேட்பது?" என்று அதட்டினார். கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று நான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அன்று சொன்னதை, நம் இதழின் வாசகர்கள் அனைவருக்குமாக இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றிச் சில வார்த்தைகள்

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி தோன்றியது. தலைமையகம் புது தில்லியில். மேற்கு மண்டலத்துக்கு மும்பை, தென் மண்டலத்துக்குச் சென்னை. படிப்பு மூன்று படிகள் கொண்டது: ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட், ஃபைனல். ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள். மற்ற இரண்டிலும் இரு குரூப்களாக ஆறு ஆறு தாள்கள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண், மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு தாளில் 39 வாங்கினால் மற்றவற்றில் 80 வாங்கியிருந்தாலும் தேர்ச்சி இல்லை. பட்டப்படிப்பை முடித்தவர்கள், காமர்ஸில் 55 சதவீதமோ பிற பாடங்களில் 60 சதவீதமோ பெற்றிருந்தால், ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இன்டர்மீடியட்டுக்குப் போகலாம்.

எங்கள் காலத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி மூன்று ஆண்டுகள். காலையில் வகுப்பு, பகலில் ஆபீஸ், இரவில் புத்தகம் என்று ஓடுவோம். 2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய திட்டத்தில் பயிற்சி இரண்டு ஆண்டுகளாகக் குறைந்தது. இன்டர்மீடியட்டின் இரு குரூப்களையும் தேறிய பிறகே பயிற்சி. பயிற்சி முடிந்து ஆறு மாதம் படித்த பிறகே ஃபைனல். ஃபவுண்டேஷன், இன்டர்மீடியட் தேர்வுகள் 2024 முதலும், ஃபைனல் 2025 முதலும், ஆண்டுக்கு இருமுறை என்பது மாறி ஜனவரி, மே, செப்டம்பர் என மூன்று முறை நடக்கத் தொடங்கின. ஆபீஸையும் தேர்வையும் ஒரே தோளில் சுமக்கும் பாரம் இதனால் ஓரளவு குறைந்திருக்கிறது. பெற்றோர் இந்த மாறுதலைத் தெரிந்துகொள்ளாமல், "பயிற்சிக்குப் போகிறவன் ஏன் இந்த வருஷமே ஃபைனல் எழுதவில்லை?" என்று பிள்ளையை நச்சரிக்கக் கூடாது.

ஒரு வாரத்தின் வரவு செலவு

கணக்குப் படிக்கப் போகிறவர்கள் முதலில் தம் நேரத்துக்குக் கணக்கு எழுதிப் பார்க்கட்டும். ஒரு வாரத்துக்கு வரவு 168 மணி நேரம். இதில் ஏழைக்கும் கூடாது, பணக்காரனுக்கும் குறையாது.

டோம்பிவிலியில் குடியிருந்து ஃபோர்ட் பகுதிக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவனை எடுத்துக்கொள்வோம். தூக்கம் நாளுக்கு 7 வீதம் 49 மணி. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை நாளுக்கு 2 வீதம் 14. ஆபீஸ் ஆறு நாளும் 9 வீதம் 54. லோக்கல் ரயிலும் நடையும் போக வர 3 வீதம் 18. ஆகச் செலவு 135. கையிருப்பு 33 மணி. பாடம், பெற்றோர், நண்பர்கள், கோயில், சினிமா எல்லாம் இதற்குள்.

இது சாதாரண வாரம். இனிச் செப்டம்பர் மாதத்து வாரத்தைப் பார்ப்போம். தினம் மூன்று மணி நேரம் கூடுதல் என்றால் 18. ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை 5, அதற்கும் பயணம் 3. ஆக 26 மணி நேரம் கையிருப்பிலிருந்து போகிறது. மிச்சம் 7. அதாவது, நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம்! நடைமுறையில் என்ன நடக்கிறது? பிள்ளைகள் தூக்கத்தில்தான் கைவைக்கிறார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதை அது.

இந்தக் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் தம் குடியிருப்புக்கும் ஆபீஸுக்கும் ஏற்பப் போட்டுப் பார்க்க வேண்டும். செம்பூரில் இருப்பவர் செம்பூரிலேயே ஒரு நடுத்தர ஆடிட்டரிடம் சேர்ந்தால் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் மிஞ்சும். பெரிய நிறுவனத்தின் பெயருக்காக அதைக் கொடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. கொடுப்பது பதினைந்து மணி என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலைக்கு ஒரு நாட்காட்டி உண்டு

கணக்குத் தொழிலில் வேலை ஆண்டு முழுதும் ஒரே சீராக இராது. சட்டம் வகுத்த கெடுநாட்களைச் சுற்றியே அது ஏறும், இறங்கும். ஆகையால் எந்தக் கிளையில் இருக்கிறோமோ அந்தக் கிளையின் நாட்காட்டிதான் நம் வீட்டு நாட்காட்டியும் ஆகும்.

வரித்தொழில் செய்யும் ஆடிட்டருக்கு ஜூலை முதல் அக்டோபர் வரை மழைக்காலம். சம்பளக்காரர்களின் ரிட்டர்ன் ஜூலை 31. வரித் தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30. தணிக்கைக்கு உட்பட்டவர்களின் ரிட்டர்ன் அக்டோபர் 31. கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் செப்டம்பர் 30-க்குள். கெடு நீட்டிக்கப்படுவதும் உண்டு. ஆனால் அந்த அறிவிப்பு பெரும்பாலும் கடைசி நேரத்தில் வருமாதலால் யாரும் அதை நம்பி உறங்க முடியாது. விநாயக சதுர்த்தியும் நவராத்திரியும் இந்தக் காலத்தில்தான் வரும். கொலுவுக்கு அழைத்தால் ஆடிட்டர் வீட்டிலிருந்து மனைவி மட்டும் வருவதன் ரகசியம் இதுதான். ஆனால் இவர்களுக்கு ஜனவரி ஓரளவு ஓய்வான மாதம். அறுபது நாள் முன்பே ரயிலில் இடம் பதிவு செய்து பொங்கலுக்கு ஊருக்குப் போய் வரலாம்.

கம்பெனியில் கணக்குத் துறையில் இருப்பவருக்குச் சுமை வேறு மாதங்களில். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி காலாண்டு முடிந்து 45 நாளுக்குள்ளும், ஆண்டு முடிந்து 60 நாளுக்குள்ளும் கணக்கை வெளியிட வேண்டும். ஆகவே ஏப்ரலும் மே மாதமும் அவர் கையில் இல்லை. பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது! வங்கிக் கிளைத் தணிக்கை எடுப்பவர்களுக்கோ ஏப்ரல் முதல் வாரங்களில் தமிழ்ப் புத்தாண்டும் தெரியாது.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சிறு நெருக்கடி சேர்ந்துகொண்டது. 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-இல் விற்பனை விவரம், 15-இல் பி.எஃப்., 20-இல் வரியோடு கூடிய ரிட்டர்ன். ஆண்டுக்கு ஒரு தடவை வந்த புயல் போதாதென்று மாதந்தோறும் தூறல். சிறு வியாபாரிகளை வாடிக்கையாளராகக் கொண்ட தனி ஆடிட்டருக்கு இதனால் நிலையான வருமானம் கிடைத்தது உண்மை. ஒரு மாதம் முழுவதும் ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போகும் வசதி போயிற்று என்பதும் உண்மை.

அரசுத் துறையிலும் கணக்குக்கு இடம் உண்டு என்பதை நம் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைக்குப் பட்டதாரிகள் ஸ்டாஃப் செலக்‌ஷன் தேர்வு வழியாகவும், உயர் பதவிக்கு யூ.பி.எஸ்.சி. வழியாகவும் போகலாம். வேலை நேரம் ஒழுங்கானது. ஆனால் இடமாற்றமும் வெளியூர்த் தணிக்கைப் பயணமும் உண்டு. காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புக்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் கழகம் இருக்கிறது. தொழிற்சாலை வேலையில் நாட்டமுள்ளவர்களுக்கு அது பொருத்தமானது.

என் வழி

நான் தேறிய புதிதில் ஃபோர்ட் பகுதியில் ஒரு வரி ஆலோசகர் நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் இருந்தேன். செப்டம்பர் மாதங்களில் கடைசி லோக்கலைப் பிடிப்பதே வழக்கம். தொழிலின் நுணுக்கங்களை அங்கேதான் கற்றேன். அதற்கு இன்றும் நன்றி உண்டு. பிறகு எங்களுக்கு மகன் பிறந்தான். என் மனைவி வங்கி ஊழியர். என் பெற்றோர் தஞ்சை மாவட்டத்தில், அவள் பெற்றோர் திருச்சியில். ஊரில் இருந்திருந்தால் பாட்டியோ அத்தையோ குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இங்கே மாலை ஆறரை மணிக்குக் காப்பகத்தின் கதவை மூடிவிடுவார்கள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி, நான் தானே-பேலாப்பூர் சாலையில் ஒரு தொழிற்சாலைக் கணக்குத் துறைக்கு மாறினேன். பழைய நிறுவனத்தில் இருந்திருந்தால் பங்குதாரர் ஆகியிருக்கலாம். என்னோடு அங்கிருந்த நண்பர் ஆனார். அவர் வருமானம் என்னுடையதைப் போல் சில மடங்கு. அந்த விலையைத் தெரிந்துதான் கொடுத்தேன். மகன் கல்லூரிக்குப் போன பிறகு செம்பூரில் சொந்தமாக ஆபீஸ் திறந்தேன். வரிசை மாறினாலும் தொழில் ஓடிவிடவில்லை. இந்தப் பட்டத்தின் பெரிய நன்மை அதுதான்: ஒரு கதவு வழியே வெளியே வந்தால் இன்னொரு கதவு வழியே உள்ளே போக இடம் தரும்.

பெண் பிள்ளைகளைப் பற்றி

"பெண்ணுக்கு இது ஒத்துவருமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். இந்தியாவிலேயே கணக்காளராகத் தேறிய முதல் பெண்மணி நம் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம் அவர்கள். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். 1933-இல் தேறினார். பின்னாளில் 1955 முதல் 1958 வரை கழகத்தின் தென் மண்டலக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்போம். வீடு அவளுக்கு ஒத்துவருமா? மருமகன் செப்டம்பர் மாதம் சமையலறைக்குப் போவாரா? 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமானது. சொந்தத் தொழில் செய்பவருக்கு இவை கிடையா. இரண்டையும் எடைபோட்டு எந்த வயதில் எது என்று அவளே முடிவு செய்யட்டும்.

ஒரு தாயின் கடிதம்

2024 ஜூலையில் புனே நகரில், வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன 26 வயது இளம் பட்டயக் கணக்காளர் ஒருவர் இறந்தார். பணிச்சுமையே தம் மகளை வாட்டியது என்று தாயார் நிறுவனத் தலைமைக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளியாகி நாட்டையே உலுக்கியது. மரணத்துக்குக் காரணம் அதுதான் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. வழக்காடுவது நம் வேலையல்ல. ஆனால் வேற்றூரில் தனியறையில் இருக்கும் பிள்ளையோடு தொலைபேசியில் பேசும்போது நாம் என்ன கேட்கிறோம்? "இன்க்ரிமென்ட் வந்ததா?" என்று கேட்கிறோம். "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? சாப்பிட்டாயா? நெஞ்சு படபடக்கிறதா?" என்றும் கேட்க வேண்டும். "முடியவில்லை, அம்மா" என்று பிள்ளை சொன்னால், "எல்லாரும் சமாளிக்கிறார்களே" என்று பதில் சொல்லாதீர்கள். "டாக்டரைப் பார், ராஜினாமா கொடு, வீட்டுக்கு வா" என்று சொல்லும் துணிவு பெற்றோருக்கு வேண்டும். வேலை இன்னொன்று கிடைக்கும்.

தேறாவிட்டால்?

இதில் பலர் முதல் முயற்சியில் தேறுவதில்லை. அது புத்திக் குறைவும் அல்ல, குடும்பத்துக்கு அவமானமும் அல்ல. அதே சமயம் வயது ஏறிக்கொண்டே போக, முடிவில்லாமல் எழுதிக்கொண்டிருப்பதும் சரியல்ல. கூடவே பி.காம். பட்டத்தை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை முயற்சிகள் என்று முதலிலேயே வீட்டில் பேசி வையுங்கள். இன்டர்மீடியட்டும் பயிற்சியும் முடித்தவருக்குக் கம்பெனிகளில் கணக்கு வேலை கிடைக்கும்; அங்கிருந்து காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்புக்கோ எம்.பி.ஏ.வுக்கோ போனவர்களை நான் அறிவேன்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

பயிற்சிக்கோ வேலைக்கோ சேரும் முன் பிள்ளைகள் இந்த ஐந்தையும் கேட்டறியட்டும்.

1. இந்த ஆபீஸில் நெருக்கடி மாதங்கள் எவை? அப்போது எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள்?

2. கூடுதலாக உழைத்த நாட்களுக்கு ஈடாக விடுப்பு உண்டா?

3. வெளியூர்த் தணிக்கை எத்தனை நாள்? தங்கும் இடத்தை யார் ஏற்பாடு செய்வார்கள்?

4. வீட்டிலிருந்து போக வர எத்தனை மணி? இரவு திரும்ப வண்டி உண்டா?

5. சென்ற ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை முதலாளியிடம் கேட்காதீர்கள். அங்கே வேலை செய்யும் பையனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய்க் கேளுங்கள். மற்ற நான்குக்கும் சேர்த்து அவனே பதில் சொல்லிவிடுவான்.