குட்டி விமானம் ஏன் கீழே விழுகிறது?

(அறிவியல் பகுதி – 9-ஆம் வகுப்பு மாணவி)



போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நம்ம ஸ்கூலுக்கு மேலே ஒரு குட்டி விமானம் ரொம்பத் தாழப் பறந்து போச்சே, ஞாபகம் இருக்கா? தட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடினோம். அன்றைக்கு அறிவியல் வகுப்பில் நான் எழுந்து, "ஐயா, இந்த மாதிரி சின்ன விமானம் கீழே விழுந்துருமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. ஐயா மட்டும் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விம்மா. நீயே படிச்சு சுவரிதழ்ல எழுது" என்று சொல்லிவிட்டார். மூன்று வாரமாக ஐயாவைத் துளைத்து எடுத்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. குட்டி விமான விபத்துகளுக்கு மிகப் பெரிய காரணம் எது?

(அ) இன்ஜின் கோளாறு
(ஆ) இடி, மின்னல்
(இ) மனிதர் எடுக்கும் முடிவு

விடையை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் பார்ப்போம்.

குட்டி விமானம் என்றால் எது?

செஸ்னா 172 என்று ஒரு விமானம். நாலு பேர் உட்காரலாம். ஒரே இன்ஜின், ஒரே ஒரு விசிறி. 1955-ல் முதன்முதலில் பறந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் செய்யப்பட்ட விமானம் இதுதான். விமானம் ஓட்டப் பழகுகிறவர்களும், சொந்தமாக விமானம் வைத்திருப்பவர்களும் இந்த மாதிரி விமானங்களைத்தான் ஓட்டுகிறார்கள்.

பெரிய பயணிகள் விமானத்தில் இரண்டு பைலட் இருப்பார்கள். தரையிலும் வானிலை பார்க்க, எரிபொருள் கணக்குப் போட, எடை பார்க்க ஆட்கள் உண்டு. குட்டி விமானத்தில் பெரும்பாலும் ஒரே பைலட்தான். எல்லாக் கணக்கையும் அவரே போடணும். "போகலாமா, வேண்டாமா" என்ற முடிவையும் அவரே எடுக்கணும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காரணம் 1: இறக்கை காற்றை இழப்பது

பரீட்சை அட்டையைக் காற்று வரும் பக்கம் பார்த்துப் படுக்கை வசமாகப் பிடியுங்கள். முன்பக்கத்தை லேசாகத் தூக்கினால் அட்டை மேலே எழும்பும். இன்னும் அதிகமாகத் தூக்கினால் எழும்பாது, பின்னால்தான் தள்ளும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். எதிரே வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம் சுமார் 15 முதல் 18 டிகிரியைத் தாண்டினால், இறக்கையின் மேல்பக்கம் ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோய்விடும். தூக்கு விசை திடீரென்று குறையும். இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும்!

வேகம் குறையக் குறைய பைலட் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் ஸ்டால் வரும். தப்பிக்க ஒரே வழி மூக்கைக் கீழே இறக்கி வேகம் பிடிப்பது. உயரத்தில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். தரைக்குப் பக்கத்தில் இருந்தால்? மரம் எதிரே தெரியும்போது மூக்கைக் கீழே இறக்க யாருக்கும் மனசு வராது. பயத்தில் இன்னும் மேலே இழுப்பார்கள். அதனால்தான் கிளம்பும்போதும், இறங்குவதற்காகத் திரும்பும்போதும் ஏற்படுகிற ஸ்டால் உயிரைக் குடிக்கிறது.

காரணம் 2: பெட்ரோல்

கேட்டால் நம்ப மாட்டீர்கள். வானத்தில் பெட்ரோல் தீர்ந்து விழுந்த விமானங்களும் நிறைய உண்டு. நம்ம ஊரில் பைக் பாதி வழியில் நின்றால் வண்டியைச் சாய்த்து உதைத்து பங்க் வரைக்கும் ஓட்டிவிடுவார்கள். வானத்தில் எங்கே சாய்ப்பது?

சில சமயம் ஒரு டேங்க் காலியாகி, இன்னொரு டேங்கில் பெட்ரோல் இருக்கும். வால்வைத் திருப்பணும். ஜான் டென்வர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் 12.10.1997 அன்று தன் குட்டி விமானத்தில் தனியாகப் பறந்தார். அந்த விமானத்தில் வால்வு அவருடைய இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப உடம்பையே திருப்பணும். அப்படித் திரும்பியபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்து கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்தது என்று விசாரணையில் சொன்னார்கள். வால்வு எட்டாது என்பது கிளம்புவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

நல்ல பைலட்டுகள் மீட்டர் முள்ளை மட்டும் நம்பமாட்டார்கள். டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டு அளந்து பார்ப்பார்கள். டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடி மாதிரியான கப்பில் கொஞ்சம் பிடித்தும் பார்ப்பார்கள். ஏன் அடியிலிருந்து? தண்ணீர் கலந்திருந்தால் அது பெட்ரோலைவிட அடர்த்தி அதிகம் என்பதால் கீழே தங்கும். நாம் படித்த அடர்த்திப் பாடம்தான்!

காரணம் 3: வெயில் நாளில் பனிக்கட்டி

மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்வதால். கார்புரேட்டரிலும் பெட்ரோல் ஆவியாகிறது. அதோடு குறுகலான வழியில் காற்று வேகமாகப் போவதாலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் குறையலாம். அதனால் வெளியே 20 டிகிரி இருக்கும்போதுகூட, காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் உள்ளே ஐஸ் பிடித்து இன்ஜின் நின்றுவிடும். இதற்காக இன்ஜின் சூட்டைக் கார்புரேட்டருக்குள் விடும் ஒரு கைப்பிடி விமானத்தில் இருக்கிறது. நேரத்துக்கு அதை இழுக்க மறந்தால் ஆபத்து.

காரணம் 4: மேகத்துக்குள் மாட்டிக்கொள்வது

நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்களும், அவற்றில் திரவமும் இருப்பதைப் படித்திருக்கிறோம். தலை திரும்புவதை அந்தத் திரவம்தான் மூளைக்குச் சொல்கிறது. ஐயா முன்னிலையில் கம்ப்யூட்டர் அறையின் சுழல் நாற்காலியில் என்னை உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, மெதுவாக ஒரே சீராகச் சுற்றினார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறேனோ அந்தப் பக்கம் கட்டை விரலைக் காட்டணும். கொஞ்ச நேரத்தில் "நின்னுருச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலி சுற்றிக்கொண்டுதான் இருந்ததாம்! பிறகு நிறுத்தினார்கள். நான் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகக் காட்டினேன். திரவம் என்னை ஏமாற்றிவிட்டது. (ஆசிரியர் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். எனக்கு வாந்தியே வந்துவிட்டது.)

மேகத்துக்குள் போன பைலட்டின் கதியும் இதுதான். வெளியே ஒன்றும் தெரியாது. விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். உடம்போ "நேராகப் போகிறோம்" என்று சொல்லும். கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகியவர் தப்பிப்பார். பழகாதவர்? 1954-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடியில்! மூன்று நிமிடம்கூட இல்லை.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியின் மகன், 16.7.1999 இரவு மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு சொந்த விமானத்தில் கடல் மேல் பறந்தார். மங்கலான வானம். வானம் எது, கடல் எது என்று தெரியாத இருட்டு. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதியை அவர் இன்னும் பெறவில்லை. திசை புரியாமல் விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். இன்ஜினில் எந்தக் குறையும் கண்டுபிடிக்கப்படவில்லை.

காரணம் 5: "போயே ஆகணும்"

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெசிகா டப்ராஃப் என்று ஒரு அமெரிக்கச் சிறுமி. வயது 7. நம்ம ஊரில் என்றால் இரண்டாம் வகுப்பு. விமானம் ஓட்டி அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போகும் மிகச் சின்னப் பெண் என்று பெயர் எடுக்க 10.4.1996 அன்று கிளம்பினாள். கூடவே அப்பாவும் பயிற்சியாளரும். பயிற்சியாளர்தான் பொறுப்புள்ள பைலட். டி.வி.க்காரர்கள் எல்லாரும் அவளைப் பேட்டி எடுத்தார்கள். அடுத்தடுத்த ஊர்களிலும் காத்திருந்தார்கள்.

மறுநாள் காலை ஷையான் என்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயரம், அதனால் காற்று அடர்த்தி குறைவு. விமானத்தில் அனுமதித்த எடையைவிட சுமார் 43 கிலோ அதிகம். வெளியே மழை, இடி, பலத்த காற்று. ஒரு மணி நேரம் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே வேகம் போதாமல் ஸ்டால் ஆகி விழுந்தது. மூன்று பேருமே இறந்துவிட்டார்கள்.

அந்த மழையில், அந்த எடையோடு கிளம்பிய பயிற்சியாளரின் முடிவுதான் காரணம் என்று விசாரணை வாரியம் சொன்னது. திட்டப்படி போய்ச் சேரணும், பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்ன நேரம் தவறக்கூடாது என்ற அவசரமும் அதற்குத் துணை என்றது. உரிமம் இல்லாதவர்களைச் சாதனைக்காக ஓட்ட விடக்கூடாது என்று அந்த வருடமே அங்கே சட்டம் வந்தது.

நான் ஏன் இதை எழுதுகிறேன்?

போன ஐப்பசி மழையில், காலாண்டு விடைத்தாள் கொடுக்கும் நாள். எங்கள் ஷேர் ஆட்டோவில் நாங்கள் பதினோரு பேர். தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆட்டோக்கார அண்ணன் ஒரு நிமிடம் நிறுத்தி எங்களைத் திரும்பிப் பார்த்தார். "போங்கண்ணா, லேட் ஆகுது" என்று கத்தினோம். நானும்தான் கத்தினேன். பாதிப் பாலத்தில் இன்ஜின் நின்றது. ஆட்டோ பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் கத்தி ஆளைக் கூட்டி, கயிறு போட்டு இழுத்தார்கள். போனது புத்தகப் பைகள் மட்டும்தான்.

வீட்டில் அம்மா ஆட்டோவைத்தான் திட்டினார்கள். நானும் அதுவரை ஆட்டோ பழசு, அதனால்தான் நின்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜெசிகாவைப் பற்றிப் படித்த பிறகுதான் புரிந்தது. அதிக ஆள், மழை, அவசரம். மூன்றும் எங்களிடமும் இருந்தன. அந்த அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தது, யாராவது "வேணாம்ணா" என்று சொல்வார்களா என்றுதான். பதினோரு பேரில் ஒருவர் வாயிலும் அது வரவில்லை.

பைலட்டுகள் செய்வது என்ன?

1. மனப்பாடமாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு தடவையும் பட்டியலைப் பார்த்துத்தான் சரிபார்ப்பார்கள்.
2. காய்ச்சல், தூக்கக் குறைவு, மனக் கவலை, மருந்து, மது, பசி இவற்றில் ஒன்று இருந்தாலும் பறக்கலாமா என்று தங்களையே கேட்டுக்கொள்வார்கள்.
3. தேவைக்கு மேல் குறைந்தது அரை மணி நேரத்துக்கு எரிபொருள் வைத்திருப்பார்கள்.
4. கிளம்பியவுடன் தாழ்வான உயரத்தில் இன்ஜின் நின்றால் திரும்பி ஓடுபாதைக்கு வரப் பார்க்காமல், எதிரே தெரியும் வெட்டவெளியில் இறக்கப் பழகியிருப்பார்கள்.
5. வானிலை கெட்டால் பாதி வழியில் திரும்புவதை வெட்கமாக நினைக்க மாட்டார்கள்.

உங்களுக்குத் தெரியுமா? சிரஸ் என்ற குட்டி விமானத்தில் விமானத்துக்கே ஒரு பாராசூட் உண்டு! கைப்பிடியை இழுத்தால் விமானம் மொத்தமும் பாராசூட்டில் தொங்கி இறங்கும். நம் நாட்டில் 16 வயதில் மாணவர் பைலட் உரிமமும், 17 வயதில் தனியார் பைலட் உரிமமும் வாங்கலாம். எனக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. (சிரிக்காதீங்க!)

முதல் கேள்விக்கு விடை: (இ). இன்ஜின் கோளாறும் மோசமான வானிலையும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான விபத்துகளில் பைலட்டின் தவறோ தவறான முடிவோதான் முக்கியக் காரணம்.

மழைக்காலம் மறுபடியும் வரப்போகிறது. தரைப்பாலத்தில் தண்ணீர் போனால் இந்தத் தடவை நான் முதல் ஆளாகச் சொல்லுவேன், "வேணாம்ணா, தண்ணி வடியட்டும்" என்று. என்கூட நீங்களும் சொல்லுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அன்றைக்கு மட்டும் லேட்டாக வந்தால் எங்களை வெளியே நிற்க வைக்காதீர்கள்.