கண்ணை மூடி ஒரு பக்கத்தைப் புரட்டுங்கள்

மதுரை பெரியாஸ்பத்திரியில் படித்தவர்களுக்கு 'கேஸ்' என்றால் கட்டிலில் இருக்கும் நோயாளி. சீஃப் கேட்பார், பி.ஜி. விழிப்பார், மறுபடி கைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். குடும்ப மருத்துவத்தில் அந்த வசதி கிடையாது. நோயாளி மேலூர் பஸ் ஏறிப் போயிருப்பார். மிஞ்சுவது பதிவேட்டில் நாலு வரி.

அது போதும். மருத்துவப் பதிவே பாடம் நடத்தும் என்று அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968-லேயே எழுதினார். மூன்றாண்டு டி.என்.பி. குடும்ப மருத்துவப் பயிற்சியில் உங்களிடம் ஒருவர் இருந்தால், வாரம் அரை மணி ஒதுக்குங்கள். கேஸை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. விட்டால் தனக்குப் பெயர் வாங்கித் தந்ததைத்தான் கொண்டுவருவார். நீங்களும் தேர்ந்தெடுக்காதீர்கள். பதிவேட்டைப் புரட்டி விரல் நின்ற இடத்தை எடுங்கள். பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களைப் பழக்குவோர் வெகுகாலமாகச் செய்வதுதான்.

கார்த்திகை மாதம் என்று வைத்துக்கொள்வோம். 'பெண், 34, காய்ச்சல் 5 நாள், பாராசிட்டமால், செஃபிக்சிம்.' முதலில் பயிற்சி மருத்துவரையே பேச விடுங்கள். டெங்குவோ என்று பிளேட்லெட் பார்த்தேன் என்பார். வயல்வேலைக்குப் போகிறவரா? எழுதவில்லை. உடம்பில் சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு? "பார்க்கலை சார்." ஏன்? அது ஒளிந்திருப்பது அக்குளில், மார்புக்கு அடியில், தொடை இடுக்கில். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள், கூட நர்ஸ் இல்லை, கேட்கக் கூச்சம். ஸ்க்ரப் டைஃபஸ் செஃபிக்சிமுக்குக் கேட்காது, டாக்சிசைக்ளின் வேண்டும் என்பது அவர் படித்ததுதான். திரையை இழுத்துவிட்டு நர்ஸைக் கூப்பிடலாம் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் அரை மணி.

அப்புறம் கதையைத் திருப்புங்கள். அந்தப் பெண் ஆறு மாதக் கர்ப்பிணி என்றால்? பயிற்சி மருத்துவர் அசித்ரோமைசினுக்கு மாறுவாரா பார்ப்போம். மூச்சு வாங்கினால்? 'அட்மிட் ஆகமாட்டேன், ஆடு மாட்டை யார் பார்ப்பது' என்றால்?

மருந்துப் பிரதிநிதி உட்கார்ந்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். நாலு பேர் சேர்ந்து பேசினால் நோயாளி பெயரை மறைத்துவிடுங்கள். மார்க்கும் போடாதீர்கள், மார்க் என்றதும் பதிவேடு அழகாகிவிடும், அவ்வளவுதான்.

பேச்சினிடையே ஆபத்து தட்டுப்பட்டால் பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பெண்ணுக்குப் பயிற்சி மருத்துவரே போன் போடட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். எண் இல்லையென்றால் அந்த ஊர் கிராமச் சுகாதார செவிலியரைப் பிடியுங்கள்.