இம்பிளான்ட்டில் படியும் கிருமிப்படலத்தை அகற்றும் முறை

தாடை எலும்பினுள் பொருத்தப்படும் டைட்டேனியத் திருகாகிய இம்பிளான்ட்டுக்குச் சொத்தை வராது என்பதால் பராமரிப்பே தேவையில்லை என்று கருதுவது பெரும்பிழையாகும். சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனமார்க், டைட்டேனியம் எலும்போடு பிணைவதைக் கண்டறிந்து, 1965ஆம் ஆண்டில் அதை நோயாளி ஒருவருக்குப் பொருத்தினார். எலும்பு அவ்வாறு பிணைந்தாலும், ஈறின் பிடிப்பு அத்துணை உறுதியானதன்று. இயற்கைப் பல்லின் வேரில் செங்குத்தாகப் புகுந்து நிற்கும் ஈறு நார்கள், இம்பிளான்ட்டைச் சுற்றிப் பெரும்பாலும் அதற்கு இணையாகவே ஓடுவதால், கிருமிகள் உட்புகுவது எளிதாகிறது.

அக்கிருமிகள் தாமே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக ஒட்டி வாழும் படிவமே கிருமிப்படலம் எனப்படும். குளத்துப் படியின் பாசி நீரூற்றினால் போகாமல், தேய்த்தால் மட்டுமே போவதைப் போல, இப்படலமும் வாய் கொப்பளிப்பதால் மட்டும் நீங்காது.

முதற்படி: ஈறோரத்தைத் துலக்குதல். மென்மையான தூரிகையை ஈறோரத்தில் ஏறத்தாழ 45 பாகை சாய்த்து வைத்து, நாள்தோறும் இருமுறை, அழுத்தாமல் சிறு அசைவுகளால் துலக்க வேண்டும். பற்பசை சொரசொரப்புக் குறைந்ததாக இருத்தல் நலம்.

இரண்டாம் படி: இடைவெளிகளைத் துடைத்தல். நடுக்கம்பி பிளாஸ்டிக்கால் மூடப்பட்டதும், இடைவெளியைத் தளர்வின்றி நிரப்பும் அளவுள்ளதுமான பல்லிடைத் தூரிகையை, கன்னப்புறமிருந்தும் நாக்குப்புறமிருந்தும் செலுத்தி இழுக்க வேண்டும். திருகின் மரைகள் வெளியே தெரியுமானால், பல்லிடை நூலின் இழைகள் அவற்றில் சிக்கி அழற்சியை வளர்க்கக்கூடும் என்பதால், அங்குத் தூரிகையே ஏற்றது.

மூன்றாம் படி: கொப்பளிப்பானை அளவோடு பயன்படுத்துதல். குளோர்ஹெக்சிடின் கரைசல் துலக்குதலுக்குத் துணையே தவிர மாற்றன்று. நீண்டநாள் பயன்படுத்தினால் பற்களில் பழுப்புக் கறை படிவதோடு சுவையுணர்வும் மாறக்கூடுமாதலால், மருத்துவர் சொன்ன நாட்களோடு நிறுத்திவிட வேண்டும்.

நான்காம் படி: மருத்துவப் பரிசோதனை. மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் இம்பிளான்ட்டுக்கும் இடையே இலேசாகச் செருகி, ஆழத்தையும் இரத்தக் கசிவையும் பார்ப்பார். எக்ஸ்ரேயைப் பழைய படத்தோடு ஒப்பிடுவார். ஈறு மட்டும் அழன்றிருந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எலும்பும் கரைந்திருந்தால் அது பெரி இம்பிளான்டைட்டிஸ் எனப்படும் கடுமையான நிலையாகும்.

ஐந்தாம் படி: மருத்துவமனையில் தூய்மை செய்தல். சாதாரண எஃகுக் கருவி டைட்டேனியத்தைக் கீறிப் புதிய ஒதுக்கிடங்களை உண்டாக்கக்கூடும் என்பதால், பிளாஸ்டிக், கார்பன் நார் அல்லது டைட்டேனியத்தாலான சுரண்டுகருவிகளையோ, கிளைசின், எரித்ரிட்டால் ஆகிய நுண்பொடிகளைக் காற்றோடும் நீரோடும் பீய்ச்சும் கருவியையோ பயன்படுத்துவர்.

ஆறாம் படி: அறுவை வழித் தூய்மை. எலும்பு பிடிப்பதற்கென்றே சொரசொரப்பாக்கப்பட்ட மேற்பரப்பு, எலும்பு கரைந்து வெளிப்பட்டதும் கிருமிகளுக்கே புகலிடமாகிவிடுகிறது. அந்நிலையில் ஈறைத் திறந்து, சுழலும் டைட்டேனியத் தூரிகையாலும் உப்புக்கரைசலாலும், சில இடங்களில் எர்பியம் லேசராலும் மரைகளைத் தூய்மை செய்வர். இவற்றுள் ஒன்றே எல்லோருக்கும் சிறந்ததென்று நிறுவப்படவில்லை.

பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்களுக்கொருமுறை, அவரவர் நிலைக்கேற்பப் பரிசோதனை தேவை. துலக்கும்போது இரத்தம் கசிந்தால், அஞ்சி அவ்விடத்தைத் தொடாமல் விடுவதே பலரின் வழக்கம். ஆனால் அக்கசிவு பெரும்பாலும் அங்கே படலம் தங்கியிருப்பதன் அடையாளமாதலால், துலக்குவதை மென்மையாகத் தொடர்ந்தபடியே, எலும்பு கரையத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.