கற்பூரவல்லித் தொட்டியில் இரண்டு பாடங்கள்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கற்பூரவல்லித் தொட்டி இருக்கிறது. தொட்டி என்றால் அடியில் ஓட்டை போட்ட பழைய பெயிண்ட் வாளிதான். ஏழாம் வகுப்பு அறிவியலில் தாவர இனப்பெருக்கப் பாடத்தை ஆறு ஆண்டுகளாக அந்த வாளியிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாடத்தில் நான் செய்த ஒரு பிழையையும், அதற்குப் பிறகு பாடத்தை எப்படி மாற்றிக்கொண்டேன் என்பதையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு, "வீட்டில் கற்பூரவல்லி இருந்தால் நாளைக்குக் கொண்டு வாருங்கள்" என்றேன். மறுநாள் ஒரு மாணவன் இரண்டு வாழைப்பழங்களோடு வந்து நின்றான். வகுப்பே சிரித்தது. அவன் மேல் என்ன தப்பு? பழக்கடைப் பலகையில் லகரமும் ளகரமும் கலந்து அதே பெயர்தான் எழுதியிருக்கிறது. சில ஊர்களில் இச்செடிக்கு ஓமவல்லி என்று பெயர். மலைப்பகுதியில் வளரும் வேறொரு செடியையும் கற்பூரவல்லி என்றே சில மூலிகை நூல்கள் குறிக்கின்றன. இருசொற் பெயரிடும் முறை எதற்கு என்று விளக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்த்ததில்லை. நம் தொட்டிச் செடியின் பெயர் கோலியஸ் அம்பாய்னிகஸ். 1790இல் லூரெய்ரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் சூட்டிய பெயர் இது. இரண்டாவது சொல் இந்தோனேசியாவின் அம்போன் தீவைக் குறிக்கும். துளசியும் புதினாவும் இதே குடும்பம். எங்கள் தென்காசிப் பக்கம் தைப்பொங்கலுக்குச் சமைக்கும் சிறுகிழங்கு இன்னும் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். சிறுகிழங்கு இலையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் நம்புவார்கள்.

நடுவது எளிது. முற்றலும் இளசும் இல்லாத தண்டாகப் பார்த்து, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி ஒரு சாண் அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். கீழ்க் கணுக்களின் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு ஊன்றினால் போதும். செம்மண், மணல், மட்கிய சாணி எரு மூன்றையும் சமமாகக் கலந்தால் நன்றாக வரும். பத்து நாள் நிழலில் வைக்கலாம். வேர் விடுவதைப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளுக்காக ஒரு குச்சியைக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பேன். கணுவிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேற்றிட வேர்கள் கிளம்பும்போது அவற்றைப் படமாக வரையச் சொல்லவே வேண்டியதில்லை, அவர்களாகவே வரைவார்கள். இந்தச் செடி சாவது பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் அதிகமாகி. இலையே நீரைச் சேர்த்து வைத்திருக்கும் சதைப்பற்றுள்ள இலை. ஐப்பசி அடைமழையில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்தாவிட்டால் தண்டு அழுகிவிடும். நுனிகளை அவ்வப்போது கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிடுகிறோம். பிள்ளைகள் தின்னும் இலை, ஆகவே மருந்து அடிப்பதில்லை.

"டீச்சர், இதுக்கு விதையே கிடையாதா?" என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். பூக்கும், வெளிறிய ஊதா நிறத்தில். ஆனால் எங்கள் ஊரில் நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வீடு இது குச்சியாகவே பரவுகிறது. அப்படியானால் வாளியிலிருந்து முப்பது பேருக்குப் போன முப்பது செடிகளும் மரபு வழியில் ஒரே செடிதானே? அங்கிருந்துதான் என் விருப்பமான சோதனை தொடங்கும். ஒரே தாய்ச்செடியில் எட்டுக் குச்சிகள். நான்கு வேப்பமர நிழலில், நான்கு முழு வெயிலில். மண்ணும் தண்ணீரும் ஒரே அளவு. ஒரு மாதம் கழித்து எல்லாச் செடிகளிலும் நுனியிலிருந்து மூன்றாவது இலை இணையை எடுத்து, வரைபடத்தாளில் வைத்துச் சுற்றி வரைந்து கட்டங்களை எண்ணிப் பரப்பைக் கண்டுபிடிப்போம். நிழல் இலை அகலமாகவும் கரும்பச்சையாகவும் இருக்கும். வெயில் இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் ஓடியிருக்கும். மரபு ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நான் பேசாமல் நிற்பேன். விதையிலிருந்து முளைத்த செடிகளை வைத்து இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்க முடியாது.

வாசனைக்கும் ஒரு செயல்பாடு உண்டு. முன் மேசையில் ஓர் இலையைக் கசக்கிவிட்டு, வாசம் எட்டியவர்கள் கை தூக்க வேண்டும் என்று சொல்வேன். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை கைகள் எழும்பிப் போகும் ஒழுங்கே விரவலுக்குப் போதுமான விளக்கம். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இலையின் தூவிகளைக் கைலென்ஸில் பார்க்கலாம். அவற்றில் சில எண்ணெய் சுரப்பவை. மணத்துக்கு முக்கியக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற சேர்மங்கள். தைமால் ஓமத்திலும் இருக்கிறது. ஓமவல்லி என்று பெயர் வைத்தவர்களுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை, மூக்கு போதுமாக இருந்திருக்கிறது.

இதுவரை சொன்னது முதல் பாடம்.

பாடத்தின் முடிவில் 'பயன்கள்' என்று தலைப்பிட்டு நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரி இது: "கற்பூரவல்லி சளி, இருமல், மூச்சிரைப்பு ஆகியவற்றைப் போக்கும்." எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று நினைவில்லை. நம் வகுப்பறைகளில் மூலிகை என்று வந்தால் இப்படி ஒரு வரி தானாகவே கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஆளுக்கொரு குச்சியும் கொண்டுபோனார்கள்.

அந்த ஆண்டு மார்கழியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. அவன் அக்கா என் வகுப்பு. விசாரித்தபோது, "தம்பிக்குச் சளி டீச்சர். கற்பூரவல்லிச் சாறு குடுக்கோம். நீங்க தந்த செடிதான்" என்றாள். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "நல்லது" என்று சொன்னேன். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

மறுநாள் அவளும் வரவில்லை. மாலையில் வீட்டுக்குப் போனேன். பையன் கட்டிலில் முன்பக்கமாகக் குனிந்து, கைகளை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே தோல் உள்வாங்கிற்று. பெற்றோர் செங்கல் சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தார்கள். ஆச்சி அடுப்படியில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை ஆச்சி?" என்றேன். "நீங்கதானம்மா எழுதிப் போட்டிருக்கிய, இளைப்பு போயிரும்னு. பிள்ள வாசிச்சிக் காட்டுச்சே" என்றார். அக்காக்காரி நோட்டைத் திறந்து என் வரியைக் காட்டினாள். கீழே என்னுடைய சிவப்பு மை 'சரி' குறி.

ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். நெபுலைசர் வைத்தார்கள், பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு இரவு தங்கிப் பையன் திரும்பிவந்தான். இப்போது ஆறாம் வகுப்பு, இன்ஹேலர் பயன்படுத்துகிறான், கபடியும் விளையாடுகிறான். அந்த ஆட்டோவில் நான் உட்கார்ந்திருந்த இருபது நிமிடங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆச்சி எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் பேரனுக்குத் தெரிந்ததைச் செய்தார், அதைப் பள்ளிக்கூடமும் ஆமோதித்துவிட்டது. அந்த ஒரு வினைச்சொல்லைத்தான் நான் திருத்த வேண்டியிருந்தது. இந்த இலையின் எண்ணெய் ஆய்வகத் தட்டில் சில பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மை. ஆனால் தட்டும் குழந்தையின் நுரையீரலும் ஒன்றல்ல. இளைப்பில் மூச்சுக்குழல் சுருங்குகிறது. அதைக் கஷாயத்தால் விரிக்கலாம் என்று நம்பிக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து.

இப்போது இரண்டாவது பாடம் ஒன்று வைத்திருக்கிறேன். போக்கும், குணப்படுத்தும், தணிக்கும், இதமாக இருக்கும், பயன்படுத்துகிறார்கள் என்று ஐந்து வினைகளைப் பலகையில் எழுதி, எந்த வாக்கியத்துக்கு எது பொருந்தும், ஏன் என்று குழுவாகப் பேச விடுகிறேன். "எங்க ஆச்சி இருமலுக்குக் குடுப்பாங்க, தொண்டைக்கு இதமா இருக்கும்" என்பதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. அது உண்மையான, நேர்மையான வாக்கியம். தமிழ் ஆசிரியரும் இந்தச் செயல்பாட்டை எடுத்துச் செய்கிறார்.

அடுத்தது மூச்சு எண்ணுதல். இருவர் இருவராக உட்கார்ந்து, கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் மற்றவரின் மூச்சை எண்ணுவார்கள். நம் மாணவிகளில் பலர் வீட்டில் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்ப்பவர்கள். அதனால் உலக சுகாதார நிறுவனம் தரும் அளவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது அதற்கு மேல் விட்டாலும் அது வேக மூச்சு. வயது எதுவானாலும் விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அடுப்பை அணைத்துவிட்டு 108. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குச் சாற்றில் தேன் குழைத்துக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். கொதிக்கும் சட்டியின்மேல் போர்வை போர்த்திச் சிறு பிள்ளைகளை ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். சட்டி கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகளை நாமே பார்த்திருக்கிறோம்.

சக ஆசிரியர் ஒருவர் வருத்தத்தோடு, "கைவைத்தியத்தைக் குறை சொல்லுற மாதிரி இருக்கே" என்றார். எனக்கு அந்த எண்ணம் இல்லை. தொண்டை கட்டினால் இன்றைக்கும் இரண்டு இலையும் நான்கு மிளகும் தட்டிப்போட்டு, வாசம் ஆவியாகிப் போகாமல் மூடிவைத்துக் கொதிக்கவிட்டுக் குடிப்பவள் நான். சென்ற ஆண்டு அதே ஆச்சியையே வகுப்புக்கு அழைத்தேன். உளுந்து, மிளகாய் வற்றல், புளி, தேங்காய் சேர்த்துக் கற்பூரவல்லித் துவையல் அரைப்பதைச் செய்து காட்டினார். இலையைப் பச்சை வாடை போகும்வரை வதக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் நாக்கு சுருக்கென்று இருக்கும். முடித்துவிட்டு யாரும் கேட்காமலே, "இது சளிக்குச் சரிதாம்ல. இளைப்புன்னா ஆஸ்பத்திரிதான்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். நான் எழுதிப்போடுவதைவிட அது நன்றாகப் பதிந்தது.

தொட்டி வைக்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. மே விடுமுறையில் பள்ளித் தொட்டி பெரும்பாலும் காய்ந்துவிடும். ஏப்ரல் கடைசியில் ஐந்தாறு பிள்ளைகளிடம் குச்சி கொடுத்தனுப்பி, யார் வீட்டில் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் சாரல் விழுந்ததும் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்கி மறுபடி ஊன்றலாம். எங்கள் வாளியில் இப்போது நிற்பது அந்தப் பையன் வீட்டிலிருந்து வந்தது.