ஒரே காற்று, இரண்டு எண்கள்

தரவில் மறைந்திருக்கும் ஒழுங்கைக் கண்டுபிடிப்பது எப்படி?

மாணவர்களே, மார்சிலிங்கில் புகைமூட்டம் சூழ்ந்த ஒரு நாளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிற்பகல் 3 மணிக்குப் பள்ளித் திடலில் காற்பந்துப் பயிற்சி. கைப்பேசியைத் திறக்கிறீர்கள். வட வட்டாரத்தின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது பிஎஸ்ஐ, 111 என்று காட்டுகிறது. அதற்குக் கீழே, ஒரு மணி நேர பிஎம்2.5 அளவு 200 என்று இருக்கிறது. உங்கள் குழுவில் ஒருவருக்கு ஆஸ்துமா உண்டு. பயிற்சியை நடத்தலாமா?

111 என்றால் ‘ஆரோக்கியமற்ற நிலை’ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று பொருள். 200 என்றால் காற்றில் நுண்துகள் ‘அதிக அளவில்’ இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒரே காற்றைப் பற்றியவை. இரண்டும் சரியானவை. அப்படியானால் ஏன் இவ்வளவு வேறுபாடு?

விடை கருவியில் இல்லை; கணக்கில் இருக்கிறது. தரவை அலசும் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் காட்டும், இன்னொன்றை மறைக்கும். இன்றைய பாடம் இதுதான்.

நகரும் சராசரி

பிஎம்2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட நுண்துகள். நம் தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் அது பல மடங்கு சிறியது. அதனால்தான் நுரையீரலின் ஆழம்வரை அது செல்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்று அதை அளக்கிறோம்.

ஒவ்வொரு மணி நேர அளவையும் வரைபடத்தில் குறித்தால், கோடு ஏறியும் இறங்கியும் நடுங்கும். காற்று சற்றுத் திரும்பினாலும், ஒரு மழை பெய்தாலும் எண் மாறிவிடும். இந்த நடுக்கத்தைக் குறைக்கக் கடைசி 24 மணி நேரத்தின் சராசரியைக் கணக்கிடுகிறோம். அடுத்த மணி வந்ததும் மிகப் பழைய மணியை விட்டுவிட்டு, புதியதைச் சேர்த்து மறுபடியும் கணக்கிடுகிறோம். இதுவே நகரும் சராசரி. பிஎஸ்ஐ கணக்கில் 6 மாசுப் பொருள்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீட்டெண் கணக்கிடப்படும்; அவற்றுள் மிக உயர்ந்ததே அந்த நேரத்தின் பிஎஸ்ஐ. புகைமூட்டக் காலத்தில் அந்த இடத்தைப் பெரும்பாலும் பிஎம்2.5 பிடித்துக்கொள்ளும். அதற்கு 24 மணி நேரச் சராசரிதான் பயன்படுகிறது.

இப்போது நம் உதாரணத்தைக் கணக்கிடுவோம். நேற்றுப் பிற்பகல் 3 மணி முதல் இன்று காலை 9 மணி வரை, 18 மணி நேரம், அளவு 20 ஆக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 9 மணிக்குப் புகை வந்தது. அதன் பிறகு 6 மணி நேரம் அளவு 200.

(18 × 20) + (6 × 200) = 360 + 1,200 = 1,560
1,560 ÷ 24 = 65

சராசரி 65. பிஎஸ்ஐ அட்டவணையில் பிஎம்2.5 சராசரி 55 என்பது குறியீட்டெண் 100க்கும், 150 என்பது 200க்கும் சமம். எனவே 65 என்பது ஏறத்தாழ 111. கைப்பேசியில் நீங்கள் பார்த்த எண் இதுதான்.

இனி, 3 மணிக்குப் புகை முழுவதும் விலகிவிட்டது, அளவு மீண்டும் 20 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை 9 மணிக்குப் பிஎஸ்ஐ என்ன? கணக்கிட்டுப் பாருங்கள். கடைசி 24 மணி நேரத்தில் புகை நிறைந்த 6 மணி நேரமும் தெளிந்த 18 மணி நேரமும் இருக்கின்றன. சராசரி அதே 65. குறியீடும் அதே 111!

முதல் நாள் 3 மணிக்கு 111 காட்டியபோது மூச்சுத் திணறும் காற்று. மறுநாள் 9 மணிக்கு 111 காட்டும்போது தெளிந்த காற்று. சராசரி நடுக்கத்தை நீக்குகிறது. கூடவே செய்தியைத் தாமதப்படுத்துகிறது.

இதற்காக 24 மணி நேரக் குறியீட்டைக் குறை சொல்லக் கூடாது. நாள் முழுவதும் எவ்வளவு மாசைச் சுவாசித்தோம் என்பதை அது சொல்கிறது. அதனால்தான் தேசிய சுற்றுப்புற வாரியம் இரண்டையும் வெளியிடுகிறது. உடனே வெளியில் செய்யப்போகும் நடவடிக்கைக்கு ஒரு மணி நேர பிஎம்2.5 அளவைப் பாருங்கள். மறுநாள் திட்டத்துக்கு 24 மணி நேர பிஎஸ்ஐ முன்னுரைப்பைப் பாருங்கள் என்பது அதன் ஆலோசனை. ஆகவே நம் காற்பந்துப் பயிற்சிக்கு விடை 200இல் இருக்கிறது, 111இல் இல்லை. ஆஸ்துமா உள்ள நண்பர் அன்று திடலுக்கு வரவே கூடாது. மற்றவர்களும் அறைக்குள் செய்யும் பயிற்சிக்கு மாறிக்கொள்ள வேண்டும்.

அளவுகோல் மாறினால்?

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி நண்பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரின் பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. அது 3 மணி நேரச் சராசரி. 2015ஆம் ஆண்டிலும் கடும் புகைமூட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் கல்வி அமைச்சு மூடியது.

இரண்டு ஆண்டுகளில் எது மோசம்? எண்களை அருகருகே வைத்து உடனே முடிவு சொல்லிவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் பிஎம்2.5 பிஎஸ்ஐ கணக்கில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் ‘பிஎஸ்ஐ’ என்ற பெயர் ஒன்று, அளவுகோல் வேறு. நீண்ட காலத் தரவில் திடீரென ஓர் ஏற்றத்தைக் கண்டால், இயற்கை மாறியதா, அளக்கும் முறை மாறியதா என்று முதலில் கேளுங்கள்.

ஒட்டுறவும் தற்செயலும்

புகைமூட்டம் எந்த ஆண்டில் கடுமையாக வரும்? இந்தக் கேள்வி நம்மை நூறாண்டு பின்னோக்கி இந்தியாவுக்கு அழைத்துச் செல்கிறது.

1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்தவர் கில்பர்ட் வாக்கர். கணித அறிஞர். 1913இல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கு எழுத்தராக வேலை பார்த்த சீனிவாச ராமானுஜனின் கணக்குகளைக் கண்டு வியந்து, அவருக்கு உதவும்படி சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவரும் இவரே.

பருவமழை பொய்த்தால் இந்தியாவில் பஞ்சம். மழையை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று வாக்கர் தேடினார். உலகின் பல ஊர்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பநிலை, மழை அளவு ஆகியவற்றைத் திரட்டி, இரண்டிரண்டாக ஒப்பிட்டார். ஒன்று ஏறும்போது மற்றொன்றும் ஏறுகிறதா, அல்லது இறங்குகிறதா? இந்த உறவை ஓர் எண்ணாகச் சொல்வதே ஒட்டுறவுக் கெழு. +1 என்றால் இரண்டும் முழுவதும் சேர்ந்தே நகர்கின்றன. −1 என்றால் முழுவதும் எதிராக நகர்கின்றன. 0 என்றால் நேர்கோட்டு உறவு எதுவும் இல்லை. பசிபிக் பெருங்கடல் பகுதியில் காற்றழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் இறங்குவதை, ஏற்றப்பலகைபோல் அவை மாறி மாறி நகர்வதை, அவர் இப்படித்தான் கண்டார்.

ஆனால் ஓர் ஆபத்தையும் அவர் உணர்ந்திருந்தார். தொடர்பே இல்லாத இரண்டு தரவுகள் தற்செயலாக ஒத்துப்போவதற்கு 20இல் 1 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 100 ஜோடிகளைச் சோதித்தால் ஏறத்தாழ 5 ஜோடிகள் வெறும் தற்செயலாலேயே ‘பொருந்தும்’. அந்த ஐந்தை மட்டும் எடுத்துக் காட்டினால் யாரையும் நம்பவைத்துவிடலாம். எத்தனை ஜோடிகளைச் சோதித்த பிறகு இது கிடைத்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1914இலேயே அவர் எழுதினார்.

அவர் கண்ட ஏற்றப்பலகைக்கான காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகே தெளிவானது. 1960களில் யாக்கோபு பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர், அது பசிபிக் கடல்நீர் சூடாகும் எல் நினோ நிகழ்வோடு இணைந்தது என்று விளக்கினார். எல் நினோ ஆண்டில் இந்தோனீசியாவில் மழை குறையும். சதுப்புக் கரிநிலம் காயும். மூட்டிய தீ எளிதில் அணையாது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் புகையை நம் பக்கம் கொண்டுவரும். 1997உம் 2015உம் அப்படிப்பட்ட ஆண்டுகள்.

அப்படியானால் எல் நினோ இல்லாத ஆண்டில் பயமில்லையா? 401 பதிவான 2013 எல் நினோ ஆண்டு அன்று! சுமத்ராவில் எரிந்த தீயும் சிங்கப்பூரை நோக்கி வீசிய காற்றும் சேர்ந்ததே போதுமானதாக இருந்தது. ஒட்டுறவு வாய்ப்பைச் சொல்லும், உறுதி தராது. ஒழுங்குக்குப் பொருந்தாத புள்ளியை அழித்துவிடாதீர்கள். நாம் கவனிக்காத காரணத்தை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

கடற்பாலம் காரணமா?

இனி உங்கள் முறை. ‘ஜோகூர் கடற்பாலத்தில் வாகன நெரிசல் இருப்பதால்தான் நம் வட்டாரக் காற்று கெடுகிறது’ என்று ஒருவர் சொல்கிறார். எப்படிச் சோதிப்பீர்கள்?

முதலில் சரியான மாசுப் பொருளைத் தேர்ந்தெடுங்கள். பிஎம்2.5 தொலைவிலிருந்தும் வரும். வாகனப் புகையின் தடயத்துக்கு நைட்ரஜன் டைஆக்சைடு பொருத்தமானது.

அடுத்து, கடற்பாலத்தில் வாகனங்கள் பெரிதும் குறைந்த ஒரு காலம் வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியாவின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. தினமும் வேலைக்கு வந்துபோகும் கூட்டம் நின்றது. சரக்கு லாரிகள் மட்டும் தொடர்ந்து வந்தன. சிங்கப்பூரின் கொவிட்-19 முறியடிப்புக் காலம் ஏப்ரல் 7ஆம் தேதிதான் தொடங்கியது. இடைப்பட்ட அந்த 20 நாள்களில் கடற்பாலம் வெறிச்சோடியது. நம் சாலைகளில் பெரும்பாலும் வாகனங்கள் ஓடின. ஏப்ரல் 7க்குப் பிந்திய நாள்களைச் சேர்த்தால் கடற்பாலமும் உள்ளூர்ச் சாலைகளும் ஒன்றாகக் காலியாகிவிடும். எது காரணம் என்று பிரிக்க முடியாது.

மூன்றாவது, வட வட்டாரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மழையும் காற்றும் தீவு முழுவதையும் பாதிக்கும். ஒரு கற்பனை எண்: வடக்கில் அளவு 30இலிருந்து 22 ஆனது, குறைவு 8. மற்ற வட்டாரங்களில் 28இலிருந்து 24 ஆனது, குறைவு 4. அந்த 4 எல்லாருக்கும் பொதுவானது. கடற்பாலத்தின் பங்காக இருக்கக்கூடியது மீதமுள்ள 4 மட்டுமே.

கடைசியாக, ‘வட வட்டாரம்’ என்பது மார்சிலிங் மட்டுமன்று. உட்லண்ட்ஸ், செம்பவாங், யீஷூன் எல்லாம் அதில் அடங்கும். உங்கள் புளோக்கின் கீழே நிற்கும் காற்றை அந்த ஒற்றை எண் நேரடியாகச் சொல்லாது. இந்த வரம்பை உங்கள் அறிக்கையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

வட்டார வாரியான அளவுகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பதிவிறக்கம் செய்யுங்கள். ஆனால் வரைபடத்தைத் திறப்பதற்கு முன்பே, என்ன கண்டால் ‘ஆம்’ என்பீர்கள், என்ன கண்டால் ‘இல்லை’ என்பீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். கோட்டைப் பார்த்த பிறகு காரணம் தேடுவது எளிது. முன்பே எழுதிவைத்தது பொருந்தினால்தான் அது கண்டுபிடிப்பு.