சொன்ன நாளில் வரும் துணை
பெற்றோரை இழந்த குழந்தைகளும் சமூகத் தன்னார்வலர்களும்

கூட்டு மருந்து சிகிச்சை மையங்களில் மருந்துக்காகக் காத்திருக்கும் முதியோருள் சிலர் தமக்காக வந்தவர்கள் அல்லர். மகனையோ மகளையோ பறிகொடுத்தபின், பேரக் குழந்தையின் மருந்தைப் பெற்றுச் செல்ல வந்தவர்கள். சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க அவர்களுட் பலருக்குக் கண்ணொளி போதாது. அடுத்த முறை எந்த நாளில் வரவேண்டும் என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கவும் தயங்குவர். இத்தகைய வீடுகளுக்குச் சமூகத் தன்னார்வலர் ஒருவர் என்ன செய்ய இயலும், அவரிடம் குடும்பத்தினர் எதை எதிர்பார்க்கலாம், எதை அனுமதிக்கலாகாது என்பதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. எந்தக் குழந்தைகள்?

பெற்றோருள் ஒருவரையோ இருவரையுமோ இழந்த, 18 வயது நிரம்பாத எவரையும் ஐ.நா. அமைப்புகள் ஆதரவிழந்த குழந்தை என்றே கணக்கிடுகின்றன. தாய் உயிருடன் இருக்கிறார் என்பதனால் தந்தையை இழந்த குழந்தை இக்கணக்கினின்று நீங்கிவிடுவதில்லை. பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தும் அவர்களுள் ஒருவர் நெடுநாள் நோயுற்றிருந்தால், அவ்வீட்டுக் குழந்தையும் நலிவுறும் நிலையில் உள்ளதே.

இங்கே ஓர் உண்மையை நினைவிற் கொள்ள வேண்டும். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குடும்பத்திற் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் தொற்று இருப்பதில்லை. சிகிச்சை ஏதும் இல்லாதபோது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை. உரிய சிகிச்சையால் அதனை 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைக்கலாம். ஆயினும் தொற்றில்லாத குழந்தையும் பெற்றோரை இழக்கிறது, பள்ளியை விட்டு நிற்கிறது, உறவினரால் ஒதுக்கப்படுகிறது. ஆகவே தன்னார்வலரின் துணை, தொற்றுள்ள குழந்தைக்கு மட்டும் உரியதன்று.

2. இம்முறை பிறந்த வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டு சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வு அதனை வெளிக்கொணர்ந்தது. அரசு மையங்களில் கூட்டு மருந்தை விலையின்றி வழங்கும் திட்டமோ 2004 ஏப்ரல் 1 அன்றுதான் தொடங்கிற்று. முதலில் தொடங்கப்பட்ட எட்டு மையங்களுள் தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. குழந்தைகளுக்கான தேசியச் சிகிச்சைத் திட்டம் 2006 நவம்பரில் வந்தது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் பெற்றோர் மறைய, பாட்டனும் பாட்டியுமே வளர்ப்போர் ஆயினர்.

ஆப்பிரிக்க நாடுகள் இத்துயரை இன்னும் பெரிய அளவிற் கண்டன. ஜிம்பாப்வேயின் முட்டாரே நகரைச் சார்ந்த ஊர்களில் 1993ஆம் ஆண்டு ஒரு முயற்சி தொடங்கியது. தேவாலயங்களைச் சேர்ந்த எளிய பெண்கள் தத்தம் ஊரில் பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பதிவு செய்து, மிகுந்த தேவையுள்ள வீடுகளுக்கு முறையாகச் சென்றுவந்தனர். அவர்கள் செல்வர் அல்லர். அவர்களால் பெரிதாக எதையும் கொடுக்கவும் இயலவில்லை. குழந்தையை விடுதிக்கு அனுப்பாமல், அது வாழும் உறவினர் வீட்டையே தாங்கி நிறுத்துவதுதான் அவர்கள் கண்ட வழி. சொன்ன நாளில் ஒருவர் வந்து நிற்பதே அவ்வீடுகளுக்குப் பெருந்துணையாயிற்று.

3. வருகையின்போது தன்னார்வலர் செய்வன

*பெற்றோரின் மருந்து.* குழந்தை ஆதரவற்றுப் போகாமல் காப்பதற்குரிய முதல் வழி, உயிருடன் இருக்கும் தாயையோ தந்தையையோ நலமாக வாழவைப்பதே. எனவே நல்ல தன்னார்வலர் குழந்தையைப் பற்றிக் கேட்பதற்கு முன், “நீங்கள் மருந்தை விடாமல் உண்கிறீர்களா?” என்று தாயைக் கேட்பார்.

*குழந்தையின் மருந்து.* குழந்தைகளுக்கு மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. குழந்தை வளர வளர அளவும் மாறவேண்டும். சென்ற ஆண்டு கொடுத்த அதே அளவை இவ்வாண்டும் கொடுத்துவந்தால், வேளை தவறாமல் கொடுத்தும் மருந்து போதாமற் போகும். ஆதலால் மருந்து வாங்க வேறொருவர் வந்தாலும், மையம் குறிக்கும் நாள்களில் குழந்தையையும் அழைத்துவந்து எடை பார்க்க வேண்டும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ தன்னார்வலருக்கு உரிமை இல்லை. மாத்திரையை எண்ணிப் பார்ப்பதும், நாளை நினைவூட்டுவதும், வேண்டின் உடன் வருவதுமே அவர் பணி. எழுதப் படிக்க அறியாத பாட்டிக்கு, நாட்காட்டியில் சூரியனும் நிலவும் வரைந்து காலை மாலை வேளைகளைக் குறித்துத் தரலாம்.

*காசநோயின் குறிகள்.* ஒவ்வொரு வருகையிலும் நான்கினைக் கேட்டறிய வேண்டும்: இருமல், காய்ச்சல், எடை கூடாமை அல்லது குறைதல், வீட்டிலோ அண்டையிலோ காசநோயாளி இருத்தல். இவற்றுள் ஒன்றிருந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வருக.

*பரிசோதனை செய்யப்படாத குழந்தைகள்.* தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஆறாவது வாரத்தில் முதற் பரிசோதனை செய்யப்படுகிறது. 18 மாதம் வரை தாயின் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் குருதியில் இருக்கக்கூடும். ஆகவே 18 மாதத்தில் செய்யும் இறுதிப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. மூத்த உடன்பிறந்தோரும் பரிசோதிக்கப்பட்டனரா என்று தன்னார்வலர் கேட்க வேண்டும். “நன்றாகத்தானே ஓடியாடுகிறான்” என்பது பரிசோதனைக்கு ஈடாகாது.

*பள்ளியும் ஆவணங்களும்.* இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுள் ஒன்று குறைந்தாலும் கல்வி உதவித்தொகை தடைப்படலாம். பாட்டி தனியாக அலுவலகத்துக்கு அலைவதைத் தவிர்த்து, தன்னார்வலர் உடன் செல்லலாம். எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்று தமிழ்நாடு அரசு ஓர் அறக்கட்டளையை அமைத்துள்ளது. அதன் உதவி குறித்து உங்கள் மையத்தின் ஆலோசகரைக் கேளுங்கள்.

*துயரம்.* இறந்த தாயைக் குறித்து, “அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள்” என்று சொல்லிவைப்பது நம் வீடுகளில் வழக்கம். நல்லெண்ணத்தாற் சொல்லப்படுவதே அது. ஆனால் குழந்தையோ நாள்தோறும் வாசலைப் பார்த்திருக்கும். தாய் தன்னை விட்டுப்போனதற்குத் தானே காரணம் என்றும் எண்ணும். இறப்பை எளிய சொற்களில் உண்மையாகச் சொல்லி, “இதில் உன் தவறு எதுவும் இல்லை” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்தவரைப் பற்றிக் குழந்தை பேச விரும்பும்போது பேச்சை மாற்றாது கேட்பவரே தேர்ந்த தன்னார்வலர்.

4. மறைபொருள் காத்தல்

உதவி செய்ய வந்தவரே ஒரு குடும்பத்தின் இரகசியத்தை ஊரறியச் செய்துவிடக் கூடும். வாய் திறந்து சொல்ல வேண்டுவதில்லை. நிறுவனத்தின் பெயர் எழுதிய வண்டி வாசலில் நின்றால் போதும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை போதும். தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் வரும் சத்துமாவுப் பொட்டலம் போதும். ஆகவே முதல் சந்திப்பு மையத்திலேயே நிகழட்டும். வீட்டுக்கு வரலாமா, எந்த நேரத்தில், அண்டை வீட்டார் கேட்டால் யாரென்று சொல்வது என்பவற்றை முடிவு செய்பவர் நீங்களே. வீட்டில் வேண்டாம் எனின், கோயில் மண்டபத்திலோ மையத்திலோ சந்திக்கலாம்.

குழந்தையிடம் அதன் நோயைப் பற்றிச் சொல்வதும் தன்னார்வலரின் வேலையன்று. அது வளர்ப்போரும் ஆலோசகரும் சேர்ந்து செய்யவேண்டியது. பள்ளிப் பருவத்தில், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்பப் படிப்படியாகச் சொல்லிவிட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். “உன் உடம்பில் ஒரு கிருமி இருக்கிறது, இந்த மருந்து அதைத் தூங்கவைக்கிறது” என்று தொடங்கலாம். பெயர் பிறகு வரட்டும். யாரோ ஒருவர் வாயால் தெருவில் கேட்டறியும் குழந்தை, நோயை மட்டுமன்று, மறைத்தவர்களையும் வெறுக்கக் கூடும். மருந்தையும் நிறுத்திவிடக் கூடும்.

5. சட்டம் தரும் காப்பு

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் குடும்பங்கள் அறியவேண்டியவை:

• தொற்றைக் காரணமாகக் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுத்தலும் வெளியேற்றுதலும் இச்சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன. நீதிமன்ற ஆணை இருந்தாலன்றித் தொற்றைப் பற்றித் தெரிவிக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது.

• தொற்றுள்ள பெற்றோர், தாம் செயலிழந்தாலோ இறந்தாலோ தம் குழந்தைக்குப் பாதுகாவலராக விளங்க ஓர் உறவினரையோ நண்பரையோ முன்னரே எழுத்து வழி நியமிக்கலாம்.

• 12 வயது நிரம்பிய, போதிய பக்குவமுடைய மூத்த பிள்ளை குடும்பப் பொறுப்பைத் தாங்கி நடத்துமாயின், தன் தம்பி தங்கையரின் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு முதலியவற்றுக்குப் பாதுகாவலராகச் செயற்படலாம்.

• குழந்தைக்குரிய சொத்தைக் காக்க, அதன் ஆவணங்களைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்துப் பாதுகாக்கலாம். சொத்து பறிக்கப்பட்டால் அக்குழுவிடமே முறையிடலாம்.

6. பெற்றோர் இன்றே செய்யத்தக்கது

உகாண்டாவில் எச்.ஐ.வி.யுடன் வாழும் தாய்மார் 'நினைவு நூல்' எழுதும் வழக்கத்தை 1990களில் பரப்பினர். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் தாய் தன் ஊர், தன் பெற்றோர், குழந்தை பிறந்த நாள், அதன் முதற்சொல், அதன் மேல் தான் கொண்ட விருப்பங்கள் ஆகியவற்றை எழுதி, நிழற்படங்களையும் ஒட்டிவைப்பாள். இதனைச் சாவுக்கான ஆயத்தம் என்று எண்ணி அஞ்ச வேண்டா. இன்றைய சிகிச்சையை ஒழுங்காக மேற்கொள்வோர் நெடுநாள் வாழ்ந்து, அந்நூலைத் தம் பேரக் குழந்தைகளுக்கே படித்துக் காட்டலாம். எழுத அறியாதவர் சொல்லச் சொல்ல, தன்னார்வலர் எழுதித் தரலாம்.

7. தன்னார்வலருக்கும் எல்லை உண்டு

குழந்தையுடன் தனியறையில் இருத்தல், நிழற்படம் எடுத்தல், பணம் கேட்டல் அல்லது கடன் வாங்குதல், மருந்தை விட்டு வேறு வைத்தியத்துக்கு மாறச் சொல்லுதல், உதவியைச் சமய நம்பிக்கையோடு பிணைத்தல் ஆகியவற்றுள் எதனையும் ஏற்க வேண்டா. இவற்றுள் ஒன்று நேர்ந்தால் மையத்தின் ஆலோசகரிடம் சொல்லுங்கள். அதனால் உங்கள் மருந்துக்கோ உதவிக்கோ இடையூறு வாராது. குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று ஐயமுற்றால் 1098 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். எச்.ஐ.வி. குறித்த ஐயங்களுக்கு 1097.

இவை யாவற்றினும் பெரிய எல்லை ஒன்றுண்டு. செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்ன தன்னார்வலர் வாராது போனால், முன்பே ஒருவரை இழந்த குழந்தை இன்னொருவரையும் இழந்ததாகவே உணரும். வர இயலாதபோது முன்கூட்டியே சொல்லியனுப்புவதும், பணியை விட்டு விலகும் நாளில் நேரில் வந்து விடைபெறுவதும் அவர் கடமை. கைந்நிறையக் கொண்டுவருபவரைக் காட்டிலும், வெறுங்கையோடேனும் சொன்ன நாளில் வருபவரையே குழந்தை நம்பும்.

பாடத்தை முடித்தபின் எண்ணிப் பார்க்க

1. எங்கள் வீட்டுக் குழந்தைகள் அனைவரும் பரிசோதிக்கப்பட்டுவிட்டனரா? கடைசியாக எடை பார்த்தது எப்போது?

2. நான் ஒரு வாரம் படுத்துவிட்டால், குழந்தைக்கு மருந்து கொடுக்க வேறு யாருக்குத் தெரியும்?

3. பாதுகாவலர் யார் என்பதை எழுத்தில் வைத்துள்ளோமா? சான்றிதழ்கள் எங்கே உள்ளன?

4. தன்னார்வலர் ஒருவர் வேண்டுமெனில், அவரை எங்கே, எந்த நேரத்தில் சந்திப்பது எங்களுக்குப் பாதுகாப்பானது?

இவ்வினாக்களுக்கான விடைகளைக் குறித்துக்கொண்டு, அடுத்த முறை மருந்து வாங்க வரும்போது ஆலோசகரிடம் காட்டுங்கள். இரண்டாம் வினாவுக்கு விடை இல்லையெனின், மற்றவற்றுக்கு முன் அதனைப் பேசுங்கள்.