எந்தக் குட்டையை முதலில் காப்பது?

திருவாரூர் மாவட்டத்தின் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயங்கள் இரண்டும் 2022ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உதயமார்த்தாண்டபுரத்தில் தங்கும் நத்தைகுத்தி நாரை ஏரியில் மட்டும் இரை தேடுவதில்லை. நெல் வயல்களில் இறங்கி நத்தையைப் பொறுக்குகிறது. ஆகவே சரணாலய எல்லையோடு வேலை முடிந்துவிடாது. வேறு எந்தக் குளம், எந்த வாய்க்கால் கரை முக்கியம் என்று கண்டறியக் கணிப்பொறி வரைபட முறை இப்போது கையாளப்படுகிறது.

முதலில் நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, பறவை, மீன், தவளை, செடி காணப்பட்ட இடங்களைக் குறிப்பர். மழை, நீர் நிற்கும் காலம், மரம், சாலை ஆகிய விவரங்களைத் தனித்தனிப் படங்களாக்கி ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்துவர். ஓர் உயிரினம் காணப்பட்ட இடத்தின் தன்மை வேறு எக்கட்டங்களில் உள்ளது என்று கணிப்பொறி கணக்கிடும்.

அடுத்தது தேர்வு. மூன்று குளங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் குளத்தில் 30 வகை உயிரினங்கள். இரண்டாவதில் 28, அத்தனையும் முதல் குளத்திலும் உள்ளவையே. மூன்றாவது சிறு குட்டை. 10 வகைதான், ஆனால் அதில் 6 வகை மற்ற இரண்டிலும் கிடையாது. இரண்டைத்தான் காக்க முடியும் என்றால் முதலாவதையும் மூன்றாவதையும் எடுக்க வேண்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் குட்டை விடுபட்டுப் போகும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்கு 1983இல் இவ்வகைக் கணக்கு போட்டுக் காட்டப்பட்டது.

இம்முறையில் ஒரு குறை உண்டு. வடுவூருக்குப் பறவை பார்க்க நிறையப் பேர் வருகிறார்கள், குறிப்புகளும் சேர்கின்றன. நன்னிலம் பக்கத்து ஊர்க் குட்டையை யார் வந்து பார்க்கிறார்கள்? அந்தக் கட்டம் படத்தில் வெறுமையாகத் தெரியும். அங்கே எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள் அல்ல. நாளை அதைத் தூர்த்து மனை போட யாராவது முனைந்தால், காட்டுவதற்கு எழுத்து ஆதாரம் இராது.

படத்தில் நிறம் தீட்டினால் நிலம் பறிபோகுமோ என்ற அச்சமும் இயல்பே. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு 2011இல் காட்கில் குழு இவ்வாறு கட்டம் பிரித்து அறிக்கை தந்தபோது கேரள மலை விவசாயிகள் கடுமையாக எதிர்த்தனர். வரைபடம் ஆலோசனைதான், அரசு சட்டப்படி அறிவிக்காதவரை அதனால் மட்டும் பட்டா நிலத்துக்குத் தடை வராது. ஆயினும் வரையும்போதே விவசாயியைக் கேட்பதுதான் முறை என்பது என் கருத்து.

2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டு, குட்டையின் புல எண், நீர் நிற்கும் மாதங்கள், விரால், கெளுத்தி, நாரை என்று நீங்கள் கண்டவற்றின் பெயர், கண்ட மாதம் ஆகியவற்றைப் பதியச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும் பார்க்கலாம். தேடியும் கிடைக்காதவற்றையும் எழுதிவைக்க வேண்டும். கணிப்பொறிக் கணக்குக்கு அதுவும் தேவை.